தோட்டவெளியில் கோச்சி நின்ற காலம்

மன்னார் தீவில், மன்னாருக்கும் பேசாலைக்கும் இடையில் தோட்டவெளி என்றொரு சிறிய புகையிரத நிலையம் இருக்கிறது. எருக்கலம்பிட்டியாராகிய எங்களுக்கு அது 'கோச்சி ஸ்டேஷன்'. தலைமன்னார்ப் பாதையின் வரலாற்றைச் சொல்வோர் கப்பலைச் சொல்வார்கள், பாம்பன் பாலத்தைச் சொல்வார்கள். தோட்டவெளியில் ஏறி இறங்கியவர்களைச் சொல்வது குறைவு. ஆனால் எங்கள் ஊரின் கதையில் ஒரு பங்கு அந்த மேடையில்தான் நடந்தது.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் துறை வரையான இந்தப் பாதை சுமார் 106 கிலோமீற்றர் நீளமானது. 1914இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில் பாம்பன் பாலமும், மார்ச்சில் தனுஷ்கோடி – தலைமன்னார் நீராவிக் கப்பல் சேவையும் தொடங்கின. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கட்டில் கொழும்பு வரை வரலாம். மலையகத் தோட்டங்களுக்கான தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு இவ்வழியே கொண்டுவரப்பட்டார்கள். வெள்ளைக்காரன் எங்கள் தீவு ஊர்களை நினைத்துப் போட்ட பாதை அல்ல இது. ஆனாலும் எங்களவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

என் பெத்தாப்பா கொழும்பில் வியாபாரம் செய்தவர். ஊருக்கு வந்து திரும்பும் நாளை உம்மம்மா இப்படித்தான் சொல்வார்: "மஃரிப் தொழுத கையோட வண்டில் கட்டோணும். பிந்தினா கோச்சி நமக்காக நிக்காது." போகும்போது பனையோலைப் பாய்க்கட்டும் கருவாடும், வரும்போது சாரமும் மருந்துப் போத்தலும். ஆசிரியர் கலாசாலைக்குப் போன பிள்ளைகளும் தகரப் பெட்டியோடு இதே மேடையில்தான் நின்றார்கள். தோட்டவெளி கத்தோலிக்க ஊர். வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயம் அங்கேதான் இருக்கிறது. ஆவணி மடுத் திருவிழாவுக்குப் போகும் குடும்பங்களும் கொழும்புக்குப் போகும் நம்மவர்களும் ஒரே பெட்டியில் நெருக்கிக்கொண்டு இருந்ததை உம்மம்மா சிரித்தபடி சொல்வார்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. எண்பதுகளில் யுத்தம் மூண்டதும் அதுவும் நின்றுபோனது. கப்பல் நின்ற பிறகும் கோச்சி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வயதில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறியது எனக்கு இலேசாக நினைவிருக்கிறது. 1990இல் அதுவும் நின்றது.

அதே 1990 ஒக்டோபர் கடைசியில், வடக்கு முஸ்லிம்கள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுதம் தாங்கியோர் கட்டளையிட்டார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொழும்புக்குப் போக கோச்சியையே நம்பியிருந்த ஊர், கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனது. வள்ளத்தில் உம்மம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கோச்சி ஓடியிருந்தா விடியக் கொழும்புல நிண்டிருப்பம்." எங்களை விரட்டியிருக்கிறார்கள் என்பதை அவர் மனம் இன்னும் ஏற்கவில்லை, வழமையான பிரயாணக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்த பின் இந்தியக் கடனுதவியில் பாதை மீளக் கட்டப்பட்டது. 2013 மே மாதம் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரையும் திறந்தார்கள். வரலாற்றுக் குறிப்பில் இது ஒரே வரி: 1990இல் நிறுத்தம், 2015இல் மீள்தொடக்கம். தண்டவாளத்துக்கு அது சரி. மனிதருக்கு அது பொருந்தாது. அந்த 25 வருடத்தில் புத்தளத்து நாகவில்லில் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, கலியாணமும் கட்டிவிட்டது. திரும்பிப் போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. என் குடும்பத்தைப் போல, ஒரு காலை இங்கும் மறு காலை அங்கும் வைத்திருப்பவர்களும் உண்டு.

போன விடுமுறையில் மகளைத் தோட்டவெளிக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு மன்னார் என்றால் பஸ் பிரயாணம்தான். "இதுல நம்மட ஆக்கள் ஏறினவங்களா?" என்று கேட்டாள். கேட்டதில் பிழையில்லை. சொல்லாதது எங்கள் பிழை.

அந்த மேடையில் ஏறி இறங்கியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். யார் வண்டில் ஓட்டினார், எவ்வளவு டிக்கட், எந்தப் பெட்டியில் பாய்க்கட்டு ஏற்றினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுத இப்போதே உட்காரோணும். அந்த 25 வருட இடைவெளியைப் புகையிரதத் திணைக்களத்தின் பதிவேடு நிரப்பப்போவதில்லை.