எஸ்ஐடி பயம்: 1997 முதல் 2025 வரை

விஎம்வேர் விசென்டரில் டெம்ப்ளேட்டிலிருந்து புது மெஷின் எடுக்கும்போது பெயர், ஐபி, டொமைன் எல்லாவற்றையும் விசென்டரே மாற்றிவிடுகிறது என்றுதான் நினைப்போம். விண்டோஸ் கெஸ்ட் என்றால் அது மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்ப்ரெப்பைக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே எந்த ஓஎஸ் என்பது அதனால்தான் இத்தனை முக்கியம்.

எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்தில் சிஸ்ப்ரெப் ஓஎஸ்ஸோடு நிறுவப்படாது. சிடியில் ஒரு கேப் கோப்புக்குள் கிடக்கும். அதைப் பிரித்து விசென்டர் சர்வரில் எக்ஸ்பிக்கு ஒரு ஃபோல்டர், 2003க்கு ஒன்று, அதன் 64 பிட்டுக்கு இன்னொன்று என்று போட்டு வைக்கணும். 32 பிட் கோப்பை 64 பிட் ஃபோல்டரில் போட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க முழித்த ஆள் நான். விஸ்டா, சர்வர் 2008 முதல் சிஸ்ப்ரெப் ஓஎஸ்ஸுக்குள்ளேயே வந்தது. அந்தத் தலைவலி போச்சு.

சரி, சிஸ்ப்ரெப் எதுக்கு? சீனியர்கள் எல்லாரும் சொன்ன பதில் ஒன்றே: எஸ்ஐடி. விண்டோஸ் நிறுவும்போது ஒவ்வொரு மெஷினுக்கும் உருவாகும் அடையாள எண் அது. எஸ்-1-5-21 என்று தொடங்கி, பின்னால் மூன்று 32 பிட் எண்கள். அந்த மெஷினில் உருவாக்கும் பயனர்களின் எண்கள் இதன் வாலில்தான் ஒட்டும். குளோன் எடுத்தால் இதுவும் அப்படியே வரும். பாதுகாப்பு போச்சு என்று பயம். இதை மாற்றவே மார்க் ருசினோவிச் 1997-ல் ஒரு கருவி எழுதினார். பின்னாளில் நியூஎஸ்ஐடி என்று பேர் பெற்றது அதுதான்.

2009 நவம்பரில் அதே ருசினோவிச், தன் கருவி தேவையே இல்லை என்று எழுதி அதை விலக்கிக்கொண்டார். மெஷின் எஸ்ஐடி அந்த மெஷினை விட்டு வெளியே போவதில்லை, டொமைனில் சேர்ந்தால் கணினிக்கு வேறொரு எஸ்ஐடி கிடைக்கிறது, ஆக இரண்டு மெஷினில் ஒரே எண் இருந்தால் என்ன என்பது அவர் வாதம். டொமைன் கன்ட்ரோலர் மட்டும் விதிவிலக்கு. பத்து வருஷத்துக்கு மேல் புழங்கிய கருவியை எழுதியவரே இப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேணும்.

ஆனால் சிஸ்ப்ரெப்பை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எஸ்ஐடி தவிர மாற்றவேண்டியவை வேறு இருக்கின்றன, சிஸ்ப்ரெப் செய்யாத குளோனுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு கிடையாது என்றும் எழுதியிருந்தார். படித்தவர்களில் பலர் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

லினக்ஸிலும் இதே கதை உண்டு. உபுண்டு 18.04 டெம்ப்ளேட்டில் மெஷின்-ஐடி கோப்பை காலி செய்யாமல் குளோன் எடுத்தால், மேக் முகவரி வேறாக இருந்தும் டிஹெச்சிபி எல்லாவற்றுக்கும் ஒரே ஐபியைக் கொடுக்கும். டிஹெச்சிபிக்குச் சொல்லும் அடையாளம் அந்தக் கோப்பிலிருந்து பிறக்கிறது.

இப்போது 2025-க்கு வருவோம். ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களில், விண்டோஸ் 11-இன் 24ஹெச்2, 25ஹெச்2, சர்வர் 2025 ஆகியவற்றில் மைக்ரோசாஃப்ட் எஸ்ஐடி சோதனையைக் கடுமையாக்கியது. ஒரே எஸ்ஐடி உள்ள மெஷின்களுக்கு இடையே கெர்பரோஸ், என்டிஎல்எம் அங்கீகாரம் தோற்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் நுழையாது, பகிர்ந்த ஃபோல்டர் திறக்காது. 16 வருஷமாகக் கட்டுக்கதை என்றிருந்தது, ஒரு அப்டேட்டில் நிஜமாயிற்று. நிரந்தரத் தீர்வு என்று அவர்கள் சொல்வது, மெஷினை முறையாக மறுபடி உருவாக்குவது. அதாவது, சிஸ்ப்ரெப்.

போன வாரம் என் வீட்டு லேபில் இரண்டு குளோன்களில் பிஎஸ்கெட்எஸ்ஐடி ஓட்டிப் பார்த்தேன். அதுவும் ருசினோவிச்சின் கருவிதான். இரண்டிலும் கடைசி இலக்கம் வரை ஒரே எண்.