சவலையும் தேரையும்

முன்னாளில் யாழ்ப்பாணத்துக் கிராமத் தாயர், மெலிந்த குழந்தையை நோக்கி, “உணவு போதவில்லை” என்று கூறியது அரிது. சவலை என்றனர், தேரை விழுந்தது என்றனர், நாவூறு என்றனர். இவற்றை மூடநம்பிக்கை என ஒருங்கே தள்ளுவோர், அவற்றுட் பொதிந்த அனுபவத்தையும் உடன் தள்ளிவிடுகின்றனர்.

தாய் மீண்டும் கருவுற்றமையாற் பாலிழந்து மெலியும் பிள்ளையே சவலைப்பிள்ளை. ஆபிரிக்காவிலே, பொற்கரை எனப்பட்ட இன்றைய கானாவிற் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், 1933-இல் ஒரு குழந்தை நோயை விவரித்தார். 1935-இல், கா மொழித் தாயர் அதற்கு வழங்கிய ‘குவாசியோர்க்கர்’ என்னும் பெயரையே மருத்துவ உலகிற்கு அளித்தார். அடுத்த குழந்தை பிறக்க, முன்னதற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். இரண்டும் ஒரே நோயென்பது எம் கருத்தன்று. சவலை மெலிவு, மற்றையது வீக்கமும் உடையது. ஆயினும் இரு நாட்டுத் தாயரும் காரணத்தைத் தேடிய இடம் ஒன்றே.

கேடு விளைந்தது பரிகாரத்தில். கருவுற்றவளின் பால் பிள்ளைக்கு ஆகாதென்று சடுதியாக நிறுத்தினர். அவ்விடத்தை நிரப்பவல்ல முட்டையையும் மீனையும் ‘கிரந்தி’ என விலக்கிக் கஞ்சியே ஊட்டினர். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவெனச் சுறாவும் முருங்கையிலையும் சமைத்த அடுக்களையும் அதுவே! வறுமையையும் மறத்தலாகாது. முட்டையை விற்று அரிசி வாங்க வேண்டியவளுக்கு, அது கிரந்தி என்பது ஓர் ஆறுதலுமாயிற்று.

தேரையோ வேறு வகையினது. உள்ளீடு வற்றிய தேங்காயையும் வற்றிய குழந்தையையும் ஒரே சொல்லாற் சுட்டினர். பழி தாய்மேல் வாராது. ஆனால் நூல் கட்டுவதிலும் பார்வை பார்ப்பிப்பதிலும் நாள்கள் கழிந்தன.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களையும் மொழிபெயர்த்தார். அரும்பணியே. எனினும் அவர்தம் மாணாக்கர் ஆடவர். பிள்ளைப்பேறோ மருத்துவிச்சியர் கையிலிருந்தது.

மருத்துவர் கருத்தும் நிலைத்து நின்றதன்று. புரதக் குறைவே எல்லாவற்றிற்கும் காரணமென்ற கொள்கையை 1974-இல் மக்லாரன் வன்மையாக மறுத்தார். குவாசியோர்க்கரின் காரணம் இன்றும் முற்றத் துணியப்படவில்லை.

மெலிந்த பிள்ளையைக் கொணரும் தாயிடம், “என்ன உணவு கொடுத்தாய்?” என்று கேட்டால் அவள் குற்றவாளி போல் மௌனமாவாள். “சவலையோ?” என்று கேட்டால், பால் நின்ற மாதத்தையும் அதன்பின் ஊட்டியவற்றையும் தானே சொல்லத் தொடங்குவாள்.