சீப்பும் தறியும்: யார்க்‌ஷயர் டெரியரின் கதை

'டெரியர்' என்னும் சொல்லுக்கு வேர் இலத்தீன மொழியின் 'டெர்ரா'. மண் என்பது அதன் பொருள். வளைக்குள் தலைநுழைத்து, மண்ணைப் பறித்து, நரியையும் எலியையும் வெளியே இழுத்துவரப் பழக்கப்பட்ட நாய்களுக்கு இப்பெயர் அமைந்தது பொருத்தமே. அத்தகைய மண்தோண்டிகளின் வழிவந்த ஒரு நாய், நெற்றியில் நாடா கட்டி, தரையைத் தொடும் பட்டு உரோமத்துடன் பஞ்சணையில் வீற்றிருக்கும் கோலத்தை இன்று காண்கிறோம். யார்க்‌ஷயர் டெரியர் என்று பெயர். எலி பிடித்த நாய்க்கு இத்தனை நீண்ட உரோமம் எதற்கு? அதைச் சீவிப் பேணும் கடமை யாருடையது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கதை தொடங்குவது அரண்மனையில் அன்று. ஆலைத் தொழிலாளரின் சிறு வீடுகளில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பலர் வட இங்கிலாந்தின் லங்காஷயர், யார்க்‌ஷயர் மாவட்டங்களின் நூலாலைகளிலும் நெசவாலைகளிலும் வேலைக்கு அமர்ந்தனர். தட்டுமுட்டுப் பொருள்களோடு தங்கள் சிறு நாய்களையும் அவர்கள் கொண்டுவந்தனர். பெய்ஸ்லி டெரியர், கிளைட்ஸ்டேல் டெரியர் முதலிய அவ்வினங்கள் இன்று மறைந்துவிட்டன. பெய்ஸ்லி என்பது சால்வை நெசவுக்குப் புகழ்பெற்ற ஊர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். வந்த நாய்கள் உள்ளூர் நாய்களோடு கலந்தன. ஆலையிலும் வீட்டிலும் எலி பிடிப்பது அவற்றின் வேலை. எதனை எதனோடு இணைத்தோம் என்று அத்தொழிலாளர்கள் ஏடு எழுதி வைக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் அந்த நாய் ஒன்றுதான்.

இவ்வினத்தின் தந்தை எனப் போற்றப்படுவது 'ஹடர்ஸ்ஃபீல்டு பென்' என்னும் நாய். 1865-இல் பிறந்த பென், 1871-இல் வண்டியில் அடிபட்டு இறந்தது. ஆறே ஆண்டு வாழ்வு! அதற்குள் கண்காட்சிகளில் பரிசு பல வென்றது. எலி பிடிக்கும் போட்டியிலும் பெயர் பெற்றது. தன் சாயலை மாறாமல் குட்டிகளுக்கு வழங்கியது. அதனை வளர்த்தவர் பிராட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் என்னும் பெண்மணி. அதுவரை 'சொரசொரப்பு உரோம ஸ்காட்ச் டெரியர்' போன்ற பெயர்களால் வழங்கிவந்த இனம், 1870-ஐ ஒட்டி 'யார்க்‌ஷயர் டெரியர்' எனப் பெயர் பெற்றது. 1873-இல் தோன்றிய கென்னல் கிளப், 1886-இல் இவ்வினத்தை அப்பெயராலேயே ஏற்றது.

பிராட்ஃபோர்டு என்னும் பெயரில் சற்றே நிற்போம். உலகின் கம்பளி நூல் தலைநகரங்களுள் ஒன்று அது. நூல் நூற்குமுன் கம்பளியைச் சீவி, நீண்ட இழைகளை ஒருபக்கமாகப் படியவைத்து, குட்டை இழைகளைக் கழிக்கவேண்டும். தலைமுறை தலைமுறையாக இதைக் கையாலேயே செய்தனர். கரியடுப்பில் இரும்புப் பற்கள் கொண்ட சீப்பைச் சூடேற்றி, கம்பளிக்கு எண்ணெய் தடவி, நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல உள்நோக்கிச் சீவுவர். பலருக்குத் தொழிற்கூடமும் உறங்கும் அறையும் ஒன்றே. கூலி உயர்வு கேட்டு 1825-இல் சீவுவோரும் நெசவாளரும் மாதக்கணக்கில் நடத்திய வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. 1850-களில் சீவும் இயந்திரம் வந்து அக்கைத்தொழிலை அடியோடு ஒழித்தது. அடுத்த பத்தாண்டுகளில், அதே ஊரில், ஹடர்ஸ்ஃபீல்டு பென் வளர்கிறது.

வேலையிழந்த சீவுவோரே இந்நாயை உருவாக்கினர் என்று சாதிக்க நாம் வரவில்லை. இரண்டு வேலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவே. கண்காட்சிக்குரிய யார்க்‌ஷயர் டெரியரின் உரோமத்துக்கும் எண்ணெய் தடவினர். அதையும் நுனியிலிருந்தே சீவினர். இழை அறாதிருக்கப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தாளில் சுருட்டிக் கட்டினர். இந்த உரோமம் தறியிலிருந்து இறங்கியதோ என்று அக்காலத்தார் வேடிக்கையாகப் பேசிக்கொண்டதாகவும் சொல்வர். இழையின் அருமை அறிந்த ஊரில்தான் இப்படிப்பட்ட நாய் தோன்றியிருக்க முடியும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆனால் அழகுக்கு விலை கொடுத்தது யார்? நாய்தான். சொறிந்து உரோமத்தை அறுத்துவிடாதிருக்க அதன் பின்னங்கால்களுக்குத் துணியுறை மாட்டினர். காதுகளை நறுக்கிக் கூராக்கினர். காது நறுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்காட்சிகளிலிருந்து விலக்கப்பட்டது. வாலை நறுக்கும் வழக்கத்துக்கு இங்கிலாந்தில் 2007-இல்தான் சட்டம் தடைபோட்டது. சீப்பைப் பிடித்த கையே கத்தரியையும் பிடித்தது என்பதை வரலாறு மறைக்கக் கூடாது.

மற்ற டெரியர்கள் பலவற்றுக்கு முரட்டு மேலுரோமமும் மென்மையான அடியுரோமமும் உண்டு. முதிர்ந்த முரட்டு மயிரை விரலாலோ சிறு கத்தியாலோ பறித்தெடுப்பதே அவற்றைப் பேணும் பழைய முறை. யார்க்‌ஷயர் டெரியரின் நிலை வேறு. அடியுரோமம் இல்லை, பட்டுப் போன்ற ஒற்றைப் படலம், மனிதரின் தலைமயிர்போல் வளர்ந்துகொண்டே இருக்கும். வளைக்குள் புகுந்து திரும்பும் நாய்க்கு இத்தகைய உரோமம் உதவாது. மனிதர் தேர்ந்து தேர்ந்து உண்டாக்கியது இது. மனிதர் கையின்றி நிலைக்காது. சீவாமல் விட்டால் சிக்கு கட்டியாகி, தோலை இழுத்துப் புண்ணாக்கும். ஆகவே, இந்நாயைச் சீவுவது ஆடம்பரமன்று. முன்னோர் பட்ட கடனை அடைப்பது.

அக்கடனை வீட்டிலேயே அடைக்கலாம். நாள்தோறும் சிறிதுநேரம் போதும். உலர்ந்த உரோமம் எளிதில் அறும். ஆதலால் சிறிது நீர் தெளித்துக்கொள்ளவேண்டும். காதின் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டையின் அடி ஆகியவை சிக்கு ஒளியும் இடங்கள். சிக்கை முதலில் விரலால் பிரித்து, பிறகு நுனியிலிருந்து சீவவேண்டும். கத்தரிக்கோலை நுழைப்பது ஆபத்து; சிக்கோடு தோலும் மேலெழுந்து வெட்டுப்படும். சிக்கெடுத்த பின்னரே குளிப்பாட்டவேண்டும். நனைந்த சிக்கு மேலும் இறுகும். வெதுவெதுப்பான நீரும் நாய்க்கென்றே உள்ள ஷாம்பூவும் ஏற்றவை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி உலர்த்தவேண்டும். கண்ணில் விழும் மயிரைத் தளர்வாக முடிந்துவிடலாம். பாதத்தின் அடிமயிரையும் நகத்தையும் அளவோடு கத்தரிக்கவேண்டும். பல்லைத் துலக்கவும் மறக்கலாகாது. சிறிய நாய்களைப் பல்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. தரைதொடும் உரோமம் கண்காட்சிக்கே தேவை. வீட்டு நாய்க்குக் குட்டையாகக் கத்தரித்துவிடுவதே நலம். அதனால் இனத்தின் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது!

மூன்று கிலோ எடையுள்ள ஓர் உயிர், சீப்பு முடிச்சில் மாட்டும்போது உறுமாமல் நம் மடியில் பொறுத்திருக்கிறது. ஆலைச் சங்கு ஓய்ந்த மாலையில், புகைபடிந்த சிறு அறைகளில், நாளெல்லாம் பிறருக்காக இழை பிரித்த கைகள் தமக்கென்று பிரித்த இழை இது ஒன்றாகவே இருந்திருக்கக் கூடும். அந்த ஆலைகள் பலவும் ஓசையடங்கிவிட்டன. அவர்களுள் பெரும்பாலோர் பெயரும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம் மட்டும் உயிரோடு இருக்கிறது. அதைச் சிக்கின்றி வைத்திருப்பது நம் கையில்.