போதை ஊசியும் எச்.ஐ.வி. தொற்றும்: சென்னையில் பணிபுரியும் வெளியூர்த் தொழிலாளர்களும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

போதை மருந்தை ஊசி வழியே ஏற்றிக்கொள்வோரிடையே எச்.ஐ.வி. பரவுவதற்கு மருந்து நேரடிக் காரணமன்று. ஒருவர் பயன்படுத்திய ஊசியில் தங்கிய குருதி மற்றவர் உடலுக்குள் செல்வதே காரணம். 2021ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்பு ஆய்வில் இத்தகையோருள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. நாட்டின் வயது வந்தோரிடையே இது சுமார் 0.2 விழுக்காடு மட்டுமே.

வெளியூரிலிருந்து வந்தோருக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

மயிலாப்பூர், அடையாறு மெட்ரோ இரயில் பணிகளிலும் தியாகராய நகர்க் கடைகள், உணவகங்களிலும் பணிபுரியும் பலர் தென் மாவட்டங்களிலிருந்தும் வட, வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். இவர்களுள் போதை ஊசிப் பழக்கம் உள்ளோர் சிலரே. ஆயினும் அச்சிலருக்குப் புதிய ஊசி எங்கே கிடைக்கும் என்பது தெரிவதில்லை. கேட்பதற்கு மொழி தடையாகிறது. பிடிபடும் அச்சத்தால் தமக்கென ஊசி வைத்திருக்கவும் தயங்குகின்றனர். இதனால் ஒரே ஊசி பலர் கைக்கு மாறுகிறது.

ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று கருதுவது தவறு. மாத்திரையைக் கரைக்கும் மூடி, வடிகட்டும் பஞ்சு, சிரிஞ்சைக் கழுவும் நீர் ஆகியவற்றைப் பகிர்ந்தாலும் தொற்று பரவக்கூடும். ஒரு சிரிஞ்சிலிருந்து மற்றொன்றுக்கு மருந்தைப் பங்கிடுவதும் அவ்வாறே. வெறும் நீரில் அலசுவதால் கிருமி முற்றிலும் நீங்குவதில்லை. இவ்வழிகளில் எச்.ஐ.வி.யைவிட எளிதாகப் பரவுவது கல்லீரல் அழற்சி சி கிருமி. பெரும்பாலும் 12 வார மாத்திரைச் சிகிச்சையில் அது குணமாகிறது. வலி நிவாரணி மாத்திரைகளைப் பொடித்து ஏற்றுவோருக்கு, கரையாத துகள்களால் நரம்பு அடைப்பும் சீழ்க்கட்டியும் உண்டாகின்றன.

ஆணுறையின்றி உறவு கொண்டால், ஊரிலுள்ள வாழ்க்கைத் துணைக்கும் தொற்று செல்லும்.

சிகிச்சை

1990களில் சென்னையில் பிரவுன் சுகர் புகைத்துவந்த பலர் புப்ரினார்பின் ஊசிக்கு மாறினர். அதே புப்ரினார்பின், மருத்துவக் கண்காணிப்பில் நாவின் அடியில் வைக்கும் மாத்திரையாக, இன்று ஊசிப் பழக்கத்தை விடுவிக்கும் மாற்று மருந்தாக வழங்கப்படுகிறது. கொட்டாவி, மூக்கொழுகல், உடல்வலி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியவை மருந்து நிறுத்தத்தின் அறிகுறிகள். அவற்றை நடிப்பு என்று குடும்பத்தினர் எண்ண வேண்டாம். அறையில் பூட்டிவைப்பதும் தீர்வாகாது.

பிறர் ஊசியைப் பயன்படுத்த நேர்ந்தால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அணுக வேண்டும். தடுப்பு மருந்து தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். தொடங்கினால் 28 நாட்கள் உட்கொள்ள வேண்டும். இராயப்பேட்டை அரசு மருத்துவமனை உள்ளிட்ட நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். தொற்றிய உடனே செய்யும் பரிசோதனையில் அது தெரியாமற்போகலாம். ஆகவே 3 மாதம் கழித்து மறுபரிசோதனை தேவை.

சொந்த ஊரில் ஏற்கெனவே ஏ.ஆர்.டி. மாத்திரை பெறுவோர், சென்னைக்கு வந்ததால் அதை நிறுத்தவே கூடாது. பதிவைச் சென்னை மையத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். சிகிச்சைப் புத்தகத்தை உடன் கொண்டுவந்தால் இது எளிதாகும்.

சட்டப் பாதுகாப்பு

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 10.9.2018 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, தொற்றுத் தடுப்புக்காகத் தூய ஊசி வழங்குவதும் மாற்று மருந்து அளிப்பதும் குற்றமாகா. தொற்று உள்ளது என்பதற்காகப் பணிநீக்கம் செய்வதும், வாடகை வீட்டில் பாகுபாடு காட்டுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன.

அருகிலுள்ள மையத்தை அறிய 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். தமிழுடன் பிற இந்திய மொழிகளிலும் பேசலாம்.