சட்டாம்பிள்ளையும் குழந்தை உரிமையும்: சித்தூர்ப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

காணிப்பாக்கம் இன்று ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். தமிழ்ப் பெயர் தாங்கிய இவ்வூர், 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வடஆர்க்காட்டிலும், 1953இல் ஆந்திரம் பிரியும் வரை சென்னை மாநிலத்திலும் அடங்கியிருந்தது. ஆதலின் இப்பகுதியின் பள்ளி வரலாற்றைச் சென்னை மாகாணத் திண்ணைப் பள்ளிகளின் வரலாற்றிலிருந்து பிரித்துக் காண இயலாது. மாணவர் தலைமையின் வழியே குழந்தை உரிமைகளை வளர்த்தல் என்பது, ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கைக்குப் பின் வந்த கருத்தாகவே பெரிதும் பேசப்படுகிறது. எனினும் மாணவர் தலைமை இம்மண்ணுக்குப் புதிதன்று. அத்தலைமை யாருக்காக இயங்கியது என்பதே ஆராய்தற்குரியது.

திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்கு எழுத்தறிவித்தான். ஆசிரியர் இல்லாதபோது பள்ளியைக் கண்காணித்தான். சட்டம் என்னும் சொல் ஒழுங்குமுறையையும், மாணவர் பார்த்தெழுதும் மேல்வரிச் சட்டத்தையும் குறிக்கும். அவன் பணியும் இவ்விரண்டையும் தழுவியதே. ஆயினும் மக்கள் வழக்கு நினைவில் கொண்டது அவன் கற்பித்தலையன்று, அதிகாரத்தையே. இன்றைய தமிழில் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்பது பிறர்மேல் வலிந்து ஆணை செலுத்துவதைச் சுட்டும் ஏச்சு. மலையாளத்தில் ‘சட்டம்பி’ என்பது போக்கிரியைக் குறிக்கும் அளவிற்கு இழிந்துவிட்டது. பள்ளியில் சட்டம்பியாக இருந்தமையால் சட்டம்பி சுவாமிகள் (1853-1924) பெற்ற பெயர் அச்சொல்லின் பழம்பொருளைக் காத்து நிற்கிறது.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணப் பள்ளிகளைப் பற்றிய விவரங்களை மாவட்ட ஆட்சியர்களிடம் கோரினார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை 1826ஆம் ஆண்டுக் குறிப்பால் தெரியவருகிறது. ஆட்சியர் பலர் அட்டவணையோடு நிறுத்திக்கொண்டனர். வகுப்பறைக்குள் நடந்ததை விரித்தெழுதியவர் பெல்லாரி ஆட்சியர் கேம்பல் (1823). அவர் கூற்றின்படி, முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், இரண்டாமவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி, பின்வருவோர்க்கு ஒவ்வோர் அடி கூடும். சோம்பிய மாணவர் இரு கைகளும் கட்டப்பட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடப்படுவதும் உண்டு. தேர்ந்த மாணவர் பிறருக்குக் கற்பிக்கும் முறையை இதே அறிக்கையில் கேம்பல் போற்றுகிறார். இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுமென்றும் கருதுகிறார். போற்றத்தக்க கற்பித்தல் முறையும் கொடிய தண்டனையும் ஒரே திண்ணையில் இருந்தன என்பதை இந்நாட்டுக் கல்வியின் பெருமை பேசுவோரும் இகழ்ச்சி பேசுவோரும் தத்தம் வசதிக்கேற்பப் பாதி பாதியாகவே எடுத்தாளுகின்றனர்.

இங்கிலாந்து பின்பற்றிய அம்முறை சென்னையிலிருந்து சென்றதே. எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண்பிள்ளைகளின் ஆதரவில்லத்தில் 1789 முதல் பொறுப்பு வகித்தவர் ஆண்ட்ரூ பெல். ‘மலபார்’ பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றார் (அக்கால ஆங்கிலேயர் வழக்கில் தமிழரும் மலபாரே). ஆசிரியர்கள் உடன்படாமையால் ஏறத்தாழ எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் வெளியான அவரது நூல்வழி இது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது.

பெல்லின் பள்ளியில் மற்றொரு கூறும் இருந்தது. பிழைகள் குறிப்பேடு ஒன்றில் பதியப்பட்டன. வாரந்தோறும் மாணவர் நடுவர் குழுவே அவற்றை விசாரித்தது. பிரம்படி பெருமளவு குறைந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவன் தன் ஒத்த வயதினர் முன் பேச வாய்ப்புப் பெற்றமை சிறிதன்று. எனினும் அக்குழு மாணவரின் பிழையை விசாரித்ததேயன்றி, ஆசிரியர்மேல் மாணவர் முறையிடுதற்கு ஏற்பட்டதன்று. இவ்வகையில் அதுவும் சட்டாம்பிள்ளையின் வழித்தோன்றலே.

சக மாணவர் துணையையும் தண்டனை அதிகாரத்தையும் தனித்தனியே பிரித்துக் காட்டிய முயற்சி, ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே நிலப்பகுதியில் எழுந்தது. 1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்திலிருந்த மதனப்பள்ளியை அடுத்துள்ளது ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலிப் பள்ளி. அதன் கிராமக் கல்விப் பிரிவு 1980களின் இறுதி முதல் சுற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திற்று. பல வகுப்புக் குழந்தைகள் கலந்தமர்ந்து, அட்டைகளும் கற்றல் ஏணியும் துணையாக, அவரவர் வேகத்தில் முன்னேறினர். சிலர் ஆசிரியர் துணையோடும், சிலர் சக மாணவர் துணையோடும், சிலர் தாமாகவும் பயின்றனர். ஏணியில் தன் இடத்தைக் குழந்தையே அறிந்துகொள்வதால் அடுத்த பாடத்திற்கு எவர் ஆணையையும் எதிர்நோக்க வேண்டுவதில்லை. உதவும் மாணவன் கையில் பிரம்புமில்லை. சென்னை மாநகராட்சி 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கு இதுவே மூலம். 2007இல் அது தமிழகமெங்கும் பரவிப் பின்னர்ப் பலவாறு உருமாறியது. மணலெழுத்தோடு கடல் கடந்த முறை இவ்வாறு வேறு வடிவில் சென்னைக்கு மீண்டது எனலாம்.

சட்டநிலை இதனினும் மெதுவாகவே நகர்ந்தது. குழந்தை தன்னைப் பற்றிய செய்திகளில் கருத்துரைக்கவும், அக்கருத்து மதிக்கப்படவும் உரிமை தரும் 12ஆம் பிரிவை உள்ளடக்கிய உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. பள்ளியில் உடல்தண்டனைக்கு இடமளித்த விதிகளை ஆந்திரம் 2002இலும் தமிழகம் 2003இலும் மாற்றின. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் நாடெங்கும் தடை செய்தது.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பேராளர், பெற்றோர், ஆசிரியர் ஆகியோர் இடம்பெற்றனர், மாணவர் குறிக்கப்படவில்லை. நடுவணரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் பெற்றோர்க்கு நான்கில் மூன்று பங்கு அளித்து, எஞ்சிய காற்பங்கில் மூன்றிலொரு பகுதியை உள்ளூர்க் கல்வியாளர் அல்லது பள்ளிக் குழந்தைகளுக்கு ஒதுக்கின. அவ்விடத்தில் அமர்பவர் யார் என்று முடிவுசெய்வோர் குழுவிலுள்ள பெற்றோரேயன்றி மாணவரல்லர்.