வாலையில் வடிந்த வரலாறு



சென்ற கோடை விடுமுறையில் என் மனைவியின் தம்பி கொல்கத்தாவிலிருந்து மைசூருக்கு வந்திருந்தார். அலுவல் நிமித்தம் ஸ்காத்லாந்து சென்று திரும்பியவர் அவர். அங்கே பழைய விஸ்கி வடிசாலை ஒன்றைக் கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்த்த கதையை எங்களுக்கு விரிவாகச் சொன்னார். "கோயில் வாசலில் நாம் நிற்பதுபோல அங்கே வடிசாலை வாசலில் வரிசையாக நிற்கிறார்கள், மாமா. செப்புக் கலத்தைக் கண்டதும் கைகூப்பாத குறைதான். நம் பக்கத்தில் அப்படிப்பட்ட பழைய சாலை ஏதேனும் உண்டா?" என்று கேட்டார். "உண்டு, நாளைக் காலையில் அழைத்துப் போகிறேன். ஆனால் அங்கே குடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காது" என்றேன்.

நான் குடியிருப்பது மைசூர் அரண்மனைக்கு அணித்தேயுள்ள அக்ரஹாரம் என்னும் பகுதி. வேதம் வல்லார்க்கெனப் பண்டு அமைந்த குடியிருப்பு; இன்று பல மொழியினரும் கலந்து வாழும் இடம். அங்கிருந்து சிறிது தூரம் சென்றால் மானந்தவாடிச் சாலை வரும். அச்சாலையில் நூறாண்டு கடந்து நிற்கிறது அரசினர் சந்தன எண்ணெய் ஆலை. அதுவே நான் என் மைத்துனருக்குக் காட்ட எண்ணிய வடிசாலை.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் நான். ஆதலால் முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூற விடைதருக. திரவத்தைச் சூடேற்றி ஆவியாக்கி, அவ்வாவியைக் குளிர்வித்து மீண்டும் துளியாக்கும் கருவிக்கு நம் சித்த மருத்துவர் இட்ட பெயர் 'வாலை'. வாலையில் இறக்கிய மருந்து நீருக்குத் 'தீநீர்' என்று பெயர். வயிற்றுவலிக்கு நம் வீடுகளில் கொடுக்கும் ஓமத் தீநீர் அத்தகையதே. ஆகவே வடித்தல் நமக்குப் புதிய கலையன்று. வாற்கோதுமையின் ஊறலை வாலையிலிட்டால் விஸ்கி. ஓமத்தை இட்டால் மருந்து. சந்தனத்தை இட்டால் நறுமணம். கலை ஒன்றே; கலத்தில் இடும் பொருளே வேறு.

மேனாட்டார் விஸ்கியை வடித்த வரலாறும் சுவையானது. ஸ்காத்லாந்து அரசின் கருவூலக் கணக்கில் 1494-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. ஜான் கார் என்னும் துறவிக்கு 'உயிர்நீர்' வடிப்பதற்காக முளைத்தானியம் அளந்து கொடுத்த செய்தி அது. துறவியர் மடத்திலே மருந்தாகத் தொடங்கியதே பின்னர் மதுவாயிற்று என்பர். அயர்லாந்தின் வடபகுதியில் புஷ்மில்ஸ் அமைந்துள்ள வட்டாரத்தில் வடிப்பதற்கு அரச உரிமம் வழங்கப்பட்டது 1608-ல். விஸ்கி என்னும் சொல்லே 'உயிர்நீர்' எனப் பொருள்படும் கேலிக் மொழித் தொடரின் சிதைவு. நம் நாட்டிலும் இமயச் சாரலிலே கசௌலியில் எட்வர்டு டயர் என்னும் ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தொழில் இன்றளவும் தொடர்கிறது. இக்கருநாடக நாட்டிலேயே பெங்களூரில் 1948-ல் தோன்றிய அம்ருத் என்னும் நிறுவனம், தன் மால்ட் விஸ்கியை 2004-ல் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே முதன்முதல் விற்பனைக்கு வைத்தது. உயிர்நீர் என்பதற்கு நம் நாட்டுப் பெயர் அமிர்தம் அன்றோ? மொழிபெயர்ப்பாளன் எவனும் இதனினும் பொருத்தமான சொல்லைத் தேடியிருக்க முடியாது.

இனி மைசூர் வாலைக்கு வருவோம். சந்தனம் விளைந்த நாடு மைசூர். ஆனால் சந்தன எண்ணெய் வடித்த நாடு முதலில் மைசூர் அன்று. சமஸ்தானத்தின் காடுகளில் வெட்டிய கட்டை ஆண்டுதோறும் ஏலத்துக்கு வரும். அதிற் பெரும்பகுதியை ஜெர்மானிய வணிகர் எடுத்துக் கப்பலேற்றிச் சென்று, தம் நாட்டு ஆலைகளில் வடித்து, எண்ணெயை உலகெங்கும் விற்றனர். மரம் நம்முடையது, மணம் நம்முடையது, வாலையும் வருவாயும் அவர்களுடையவை.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மனி பகைநாடாயிற்று. கட்டையை வாங்குவாரின்றி ஏலம் படுத்தது. அரசுக்கு உறுதியாக வந்துகொண்டிருந்த வருமானம் நின்றது. அப்போது மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், திவான் விசுவேசுவரய்யா. தொழில் துறையின் தலைவராயிருந்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். இவர் அதற்கு முன் சென்னையிலே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் என்பது தமிழர் நினைவுகொள்ளத் தக்கது. கட்டை தேங்கிக் கிடப்பானேன், இங்கேயே வடித்தால் என்ன என்னும் வினா எழுந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்னும் வேதியியலார் இருவர் ஆய்வு செய்து வழிகாட்டினர். 1916, 1917 ஆகிய ஆண்டுகளிலே பெங்களூரில் சிறிய அளவிலும் மைசூரில் பெரிய அளவிலும் வாலைகள் எரியத் தொடங்கின. வாங்குவார் இல்லாமற்போனதே நன்மையாய் முடிந்த அருமையான எடுத்துக்காட்டு இது.

எண்ணெயைத் தொடர்ந்து சோப்பும் வந்தது. சோசலை கரலபுரி சாஸ்திரி என்னும் வேதியியலாரை அரசு இங்கிலாந்துக்கு அனுப்பிப் பயில்வித்தது. 1918-ல் பெங்களூரில் மைசூர் சாண்டல் சோப்பு பிறந்தது. யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம் பொறித்த அவ்வுறையைக் காணாத தமிழ் இல்லம் அரிது. தில்லியிலோ மும்பையிலோ வாழும் நேயர்கள் அவ்வுறையைப் பிரிக்கும்போது எழும் மணம், மானந்தவாடிச் சாலையின் மணமே.

உரிய இசைவு பெற்று நாங்கள் ஆலையைக் கண்டோம். வாயிலை அடையுமுன்பே மணம் வந்து எதிர்கொண்டது. சந்தன மரத்தில் எல்லாப் பகுதியும் மணப்பதில்லை. புறத்தே உள்ள வெள்ளைப் பகுதி வெறும் மரம். நடுவே வைரம் பாய்ந்த பகுதியே மணமுடையது. வேரிலே எண்ணெய் மிகுதி. ஆகையால் பிற மரங்களை அடியில் வெட்டுவதுபோல் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு அகழ்ந்தெடுப்பர். வைரத்தைச் சிறு சிராய்களாக்கிப் பின் தூளாக்குவர். தூளைப் பெரிய வாலையிலிட்டு, கொதிகலனிலிருந்து நீராவியை அதனூடே செலுத்துவர். சந்தன எண்ணெய் தனியே கொதிக்க நீரினும் மும்மடங்கு சூடு வேண்டும். நீராவியின் துணை கிடைத்தாலோ நூறு பாகைக்கு உட்பட்ட வெப்பத்திலேயே அதனுடன் சேர்ந்து எழுந்துவிடும். எழுந்த ஆவி குளிர்கலத்துட் புகுந்து துளியாகி, நீரும் எண்ணெயுமாக விழும். நீர் கீழே நிற்க, எண்ணெய் இளமஞ்சள் நிறத்தோடு மேலே மிதக்கும்.

என் மைத்துனர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு நேரம் வடிப்பார்கள்?" என்று வினவினார். இரண்டு, மூன்று நாள் இடைவிடாமல் வடிக்க வேண்டும் என்றனர். நூறு கிலோ வைரத்துக்கு நான்கு முதல் ஆறு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். எஞ்சிய சக்கையும் வீணாவதில்லை. மைசூரின் புகழ்பெற்ற ஊதுவத்தித் தொழிலுக்கு அது பயன்படுகிறது.

"விஸ்கி வடிப்பதும் இதே கதைதான், மாமா, ஆனால் அங்கே வடித்த பிறகுதான் காத்திருப்பு தொடங்குகிறது" என்றார் அவர். உண்மை. ஸ்காத்லாந்துச் சட்டப்படி, வடித்த சாராயம் ஓக் மரப் பீப்பாயிற் குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தாலன்றி விஸ்கி எனப் பெயர் பெறாது; பன்னிரண்டும் பதினெட்டும் ஆண்டு கிடப்பன பல. கிடக்குங்கால் அங்கே ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாய்ப் போகும். பெங்களூர் வெப்பத்திலோ நூற்றுக்குப் பத்துக்கு மேல் போய்விடும். அதனை வானவர் பங்கு என்பர் மேனாட்டார். வேள்வியில் தேவர்க்கு ஈயும் அவிர்ப்பாகம் போலும் என்று நான் சொல்ல, அவர் நகைத்தார்.

நேயர்களே, அந்த நகைப்பினூடே எனக்கு ஒன்று தோன்றியது. விஸ்கிக்கு வாலையின் பின்னே காத்திருப்பு. சந்தனத்துக்கு வாலையின் முன்னே. சந்தனம் தனித்து வாழாத மரம். அயல் மரங்களின் வேரில் தன் வேரை ஊன்றி உணவின் ஒரு பகுதியைப் பெற்று வளர்வது. வைரம் பாயத் தொடங்கவே பத்தாண்டு செல்லும். நிறைந்த எண்ணெய் தர முப்பது ஆண்டேனும் முதிர வேண்டும். விஸ்கிப் பீப்பாய் உரியவன் கிடங்கில், உரியவன் பூட்டுக்குள் காத்திருக்கிறது. சந்தன மரம் யாருடைய காவலில் காத்திருந்தது?

இவ்விடத்தே வரலாறு கசக்கிறது. சந்தனத்தை அரச மரமாகத் திப்பு சுல்தான் 1792-ல் அறிவித்தார் என்பர். அரசமரம் என்னும் மரத்தை எண்ணற்க. அரசனுக்கே உரிய மரம் என்பது பொருள். அவருக்குப் பின் வந்த உடையார் ஆட்சியும், விடுதலைக்குப் பின் வந்த மக்களாட்சியும் அவ்வுரிமையைக் கைவிடவில்லை. உழவன் தன் நிலத்தில், தன் நீரில் வளர்த்த சந்தனமும் அவனுடையதன்று. பிற்காலத்தில் விலையில் ஒரு பங்கு அவனுக்குக் கிடைத்தது, உடைமை கிடைக்கவில்லை. தமிழகத்திலும் நெடுங்காலம் இதுவே நிலை.

என் ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருப்பத்தூரை அடுத்தது. சிறுவனாயிருந்தபோது நான் கண்ட காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. பறவை எச்சத்தால் எங்கள் வேலியோரத்திலே சந்தனக் கன்றுகள் தாமே முளைக்கும். ஒரு நாள் என் பாட்டனார் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். "ஏன் தாத்தா?" என்றேன். "வளர்ந்தால் நமக்கில்லை, வெட்டினால் குற்றம், எவனாவது திருடிக்கொண்டு போனாலும் நம் வீட்டு வாசலுக்குத்தான் வந்து நிற்பார்கள்" என்றார். மரம் வளர்ப்பதையே அறமாகக் கருதிய மனிதர் அவர். புளியும் புங்கமும் அவர் வைத்தவை ஊரெல்லாம் நின்றன. சந்தனத்தை மட்டும் அவர் கை பிடுங்கிற்று. அவ்வாறு பிடுங்கிய கைகள் எத்தனை ஆயிரமோ!

மரத்துக்குப் பிற பகைகளும் இருந்தன. குடகிலே 1899-ல் முதன்முதல் கண்டறியப்பட்ட கூர்நோய் இலைகளைச் சிறுக்கச் செய்து, மரத்தை ஒன்றிரண்டு ஆண்டுகளில் மாய்த்தது. பின்னர்க் களவு பெருகிற்று. தமிழக, கருநாடக எல்லைக் காடுகளில் வீரப்பன் பெயரால் நடந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். 2004-ல் அவன் இறந்தபோது காடுகளில் முதிர்ந்த மரம் அருகியிருந்தது. 1998-லேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மரத்தை அழிவிடர் நேரக்கூடிய இனமாக வகுத்துவிட்டது. நோயும் களவும் மட்டுமே காரணம் என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. தனக்கென்று வளர்ப்பவன் இல்லாத பொருளைக் காவற்காரன் ஒருவனே காத்துவிட முடியாது.

கருநாடகம் 2001-லும் தமிழகம் 2002-லும் சட்டத்தைத் திருத்தின. நிலத்துக்குரியவனே அதில் நிற்கும் சந்தனத்துக்கும் உரியவன் என்றாயிற்று. வெட்டவும் விற்கவும் இன்னும் இசைவு பெறவேண்டும். திருடர் அச்சமும் நீங்கவில்லை. ஆயினும் இருநூறு ஆண்டுக் கட்டு தளர்ந்தது. இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் நம் சந்தனத்தையே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட்டுவிட்டனர். முன்பு கட்டை கடல் கடந்தது. இப்போது மரமே கடல் கடந்தது.

மைசூர் ஆலை மரப் பற்றாக்குறையால் பல ஆண்டுகள் தன் ஆற்றல் முழுவதையும் காட்ட இயலாமல் இருந்தது. 1914-ல் கட்டை இருந்தது, வாலை இல்லை. பின்னர் வாலை இருந்தது, கட்டை இல்லை. வாலையை இரண்டே ஆண்டில் அமைத்துவிட்டனர் நம் முன்னோர். மரத்துக்கு அத்தகைய விரைவு இல்லை. எத்துணை அறிவு படைத்த திவானும் முப்பது ஆண்டை மூன்றாண்டாக்க முடியாது. வளர்ப்பவனுக்கு உரிமையையும், காத்திருப்பதற்குத் துணிவையும் தருவது ஒன்றே அரசு செய்யக்கூடியது.

திரும்பும் வழியில் என் மைத்துனர் நெடுநேரம் பேசவில்லை. வீட்டை அடைந்ததும், "ஊரில் அந்த வேலி இன்னும் இருக்கிறதா, மாமா?" என்று கேட்டார். இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அவ்வேலியோரத்தில் நானே ஐந்து சந்தனக் கன்றுகளை நட்டேன். அருகே அவற்றுக்குத் துணையாகத் துவரையும் ஊன்றினேன். வைரம் பாயும்போது நான் இருப்பேனோ இல்லையோ, அறியேன். பிடுங்குவதற்கு மட்டும் எவருக்கும் இனிக் காரணம் இல்லை.

மைசூருக்கு வரும் தமிழன்பர்கள் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பிருந்தாவனத்தையும் காண்பது வழக்கம். அடுத்த முறை வரும்போது மானந்தவாடிச் சாலை வழியாகவும் ஒருமுறை செல்லுங்கள். காற்று வீசும் திசை நன்றாயிருப்பின், நூறாண்டு வரலாறு உங்களை மணத்தால் வரவேற்கும்.