புதுவைக்காரரின் பிரான்ஸ்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1674இல் பிரான்சுவா மர்த்தேன் அமைத்த வணிகக் குடியிருப்போடு தொடங்கி 1954 நவம்பர் 1ஆம் தேதி முடிந்தது. கணக்குக்கு 280 ஆண்டு. ஆனால் அந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. 1693இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்து ஆறாண்டு வைத்திருந்தனர். ஆங்கிலேயர் 1761, 1778, 1793 என மூன்று முறை பிடித்தனர். கடைசியாகப் பிடித்ததை 1816இல்தான் முழுதாகத் திருப்பிக் கொடுத்தனர். எல்லாவற்றையும் கூட்டினால் 40 ஆண்டுக்காலம் இந்தப் பிரெஞ்சு நகரத்தில் பிரெஞ்சுக் கொடி பறக்கவில்லை. இன்று சுற்றுலாப் பயணிகள் பிரெஞ்சு அழகு என்று படமெடுக்கும் நேர்நேரான வீதிகளும் டச்சுக்காரர் காகிதத்தில் வரைந்த திட்டத்திலிருந்து வந்தவையே.

1761இல் ஆங்கிலேயர் கோட்டையோடு நகரத்தையும் இடித்துத் தள்ளினர். நான்காண்டு கழித்து ஊர் திரும்பக் கிடைத்ததும் பழைய வீதிகளின் மேலேயே மறுபடியும் வீடுகள் எழுந்தன. புதுவைக்காரருக்குத் தம் ஊர்மேல் உள்ள பிடிப்பு இப்படி இடிபாட்டைத் தாண்டி வந்தது. பிரான்ஸ் என்ற, கண்ணால் காணாத நாட்டின் மேல் வந்த பற்று அதைவிட இளையது. அது மெல்ல வளர்ந்தது, எல்லோருக்கும் வரவில்லை, வந்தவர்களுக்கும் வெவ்வேறு காரணங்களால் வந்தது.

பிரெஞ்சு ஆட்சியின் முதல் நூற்றாண்டில் அந்தப் பற்று நாட்டின் மேல் இருந்ததைவிட ஆளின் மேல்தான் இருந்தது. ஆளுநர் துய்ப்ளெக்ஸிடம் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் இதைக் காணலாம். துய்ப்ளெக்ஸின் திறமையை அவர் வியக்கிறார், அவருக்காக உழைக்கிறார். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததையும் அதே ஏட்டில் மனம் நொந்து பதிகிறார். 1761 ஜனவரியில் அவர் இறந்தார்; நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் அதே மாதத்தில்தான். அவர் பெயர் கொண்ட வீதியில் அவர் வீடு இன்றும் இருக்கிறது. கீழ்த்தளம் முற்றத்தைச் சுற்றி மரத்தூண்கள் நிற்கும் தமிழ் வீடு; மாடிக்கு ஏறினால் ஐரோப்பிய பாணியில் கட்டிய செங்கல் தூண்கள். வாசல் வழியாக வரும் உறவினருக்கு ஒரு வீடு, படியேறி வரும் வெள்ளைக்காரருக்கு இன்னொரு வீடு என்று ஒரே கூரையின் கீழ் இரண்டையும் கட்டிக்கொண்டார்.

1816க்குப் பிறகு பிரான்சின் இந்திய உடைமை புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் என்ற ஐந்து துண்டுகளாகச் சுருங்கியது. படையும் பேரரசுக் கனவும் போயின. மிஞ்சியது நிர்வாகமும் சட்டமும். 1819இல் வந்த ஆணை, இந்தியர் வழக்குகள் அவரவர் சாதி, சமய வழக்கப்படியே தீர்க்கப்படும் என்றது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கத்தின்படி கீழே வைக்கப்பட்டவனைச் சட்டமும் கீழேயே வைக்கும் என்பதும் அதில் அடக்கம். வாய்க்காலுக்குக் கிழக்கே கடலோரத்தில் வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். மேற்கில் சாதிக்கொரு வீதி.

அந்தக் காலத்தில் பிரான்ஸ் ஊருக்குச் செய்ததில் மக்கள் மனதில் நின்றது தண்ணீர்தான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாகப் பூங்கா நடுவே வெள்ளை மண்டபம் ஒன்று எழுந்தது. அதற்குப் பேரரசரின் பெயரோ பொறியாளரின் பெயரோ நிலைக்கவில்லை. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டியதாக ஊர்க்கதை சொல்லும் ஆயி என்ற தாசியின் பெயரே நிலைத்தது. கிரேக்க, ரோமானியச் சாயலில் நிற்கும் அந்த ஆயி மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னம்.

பாரிசில் 1848இல் புரட்சி நடந்து குடியரசு வந்தபோது பிரெஞ்சிந்தியருக்கும் வாக்குரிமை வந்தது. குடியரசு கவிழ்ந்ததும் அது போய், மூன்றாம் குடியரசோடு 1871இல் திரும்பியது. பிரிட்டிஷ் இந்தியாவில் யாரும் நினைத்துப் பார்த்திராத காலத்தில் புதுச்சேரி மக்கள் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். வந்த உரிமையைக் காலில் போட்டுச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873 ஜனவரியில் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் அப்படி வருவது வழக்கமில்லை என்று நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவர் பாரிசின் உயர் மேல்முறையீட்டு மன்றம் வரை போய் வென்றார். புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு நீதிபதி மறுத்ததைப் பாரிசிலிருந்த பிரெஞ்சு நீதிபதிகள் கொடுத்தனர். புதுவைக்காரரின் பிரான்ஸ் பற்றை விளங்கிக்கொள்ள இந்த வழக்கு ஒன்றே போதும். அவர்கள் நேசித்தது தொலைவில் இருந்த பிரான்ஸை. பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் அதற்கு ஈடாக நடந்தது குறைவு.

1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை அந்தப் பற்றுக்குச் சட்ட உருவம் தந்தது. இந்தியர் ஒருவர் விரும்பினால் தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம். பதிவு அதிகாரி முன் அறிவித்து, ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அதில் சேர்வார்கள். கையெழுத்திட்டால் திரும்ப முடியாது. இப்படித் துறந்தவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பெயர். பொன்னுத்தம்பியும் துறந்தார், அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். பிரெஞ்சில் ‘வாசல்’ என்று பொருள்.

பதிவேட்டில் பெயர் எழுதியது சிறிய சடங்குபோலத் தோன்றும். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. தந்தை பெயரும் சாதிப் பட்டமுமே இருந்தன. அந்தப் பட்டத்தின் இடத்தில்தான் இப்போது ஒரு புதுச்சொல் வந்து உட்கார்ந்தது. சிலர் பிரெஞ்சுப் புனிதர் பெயரை எடுத்தனர், சிலர் பிடித்த பிரெஞ்சுச் சொல்லை எடுத்தனர், சிலர் பாட்டன் பெயரையே நிலைப்படுத்திக்கொண்டனர். துறக்காதவர் பெயர்களும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில்தான் பதிவாயின. முத்து என்ற சின்னப் பெயரில் இரண்டு உகரத்துக்கும் இரண்டிரண்டு பிரெஞ்சு எழுத்து. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கடலூர் முத்துவும் புதுவை முத்துவும் அண்ணன் தம்பியாகவே இருந்தாலும் காகிதத்தில் இரு வேறு ஆட்கள்.

யார் துறந்தார்கள் என்பதில்தான் சேதி இருக்கிறது. லாபோர்த் போன்ற மேல்சாதிப் படிப்பாளிகள் சிலர் இருந்தனர். பெரும்பகுதி கிறிஸ்தவரும் தாழ்த்தப்பட்ட சாதியினரும். வழக்கச் சட்டத்தால் இழப்பு உள்ளவன் அதை விட்டான், ஆதாயம் உள்ளவன் விடவில்லை. மேல்சாதி இந்துக்களில் பெரும்பாலோர் துறவாமலேயே இருந்து, வாக்குரிமையையும் வைத்துக்கொண்டனர். அவர்களின் தலைவர் சண்முகவேலாயுத முதலியார் ஏறக்குறைய கால் நூற்றாண்டு புதுச்சேரித் தேர்தல்களைத் தன் கைக்குள் வைத்திருந்தார். ரெனோன்சான்களை அவரும் விரும்பவில்லை, வெள்ளையரும் முழுதாக ஏற்கவில்லை. 1884இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சமத்துவம் கேட்டுப் போனவர்களுக்கு நடுவில் ஒரு தனிப் பெட்டி கிடைத்தது. 1899இல் அதுவும் எடுக்கப்பட்டது.

உள்ளூரில் கிடைக்காத மதிப்பு கடல் தாண்டிக் கிடைத்தது. தென் வியட்நாம் பிரான்சின் கைக்கு வந்த 1860களிலிருந்தே புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் சைகோனுக்குக் கப்பலேறினர். பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சுக் குடிமகன் என்ற காகிதம் உள்ள ரெனோன்சானுக்கு அங்கே வேலை இருந்தது: காவல், சிறை, சுங்கம், தபால், சந்தை வரி வசூல். ஐரோப்பியருக்குரிய சம்பளம் வேண்டும் என்று அவர்கள் வாதாடினர். அங்கும் வாக்களித்தனர். வெள்ளை வாக்காளர் எண்ணிக்கை குறைவாக இருந்த அந்தக் குடியேற்றத்தில் இவர்களின் வாக்கு தேர்தலைத் திருப்பக்கூடியதாக இருந்தது, அதனால் வசையும் கிடைத்தது. சம்பாதித்த பணம் ஊருக்கு வந்து வீடாயிற்று. ஓய்வு பெற்றவர் பாரிசுக்குப் போகவில்லை, புதுச்சேரிக்குத் திரும்பினார். புதுவைக் கிறிஸ்தவ வீடுகளில் வியட்நாமியரின் பொரித்த சுருள் விருந்துப் பண்டமானது இந்தப் போக்குவரத்தின் மிச்சம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் என்ற சொல்லுக்குப் புதுச்சேரியில் வேறொரு பொருளும் சேர்ந்தது. ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பி 1908இல் பாரதியும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்களையும் பாரதியின் ‘இந்தியா’ இதழ் தமிழில் தன் குறிக்கோளாகத் தாங்கி வந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகப் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த பாரதிதாசன் இந்தச் சூழலில் உருவானவர். அடிமை இந்தியாவிலிருந்து வந்தவருக்கு இது சுதந்திரபூமி. உள்ளூர் ஆலைத் தொழிலாளிக்கு அப்படியில்லை. 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் இறந்தனர். வ. சுப்பையாவின் தலைமையில் அவர்கள் கேட்டது பிரான்சிலிருந்த தொழிலாளிக்குக் கிடைத்த உரிமையையே. அடுத்த ஆண்டு 8 மணிநேர வேலை சட்டமாயிற்று. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்களும் பிரான்சின் பெயரைச் சொல்லியே எதிர்த்தனர் என்பது இந்த ஊருக்கே உரிய விசித்திரம்.

முதல் உலகப் போரில் புதுவையிலிருந்து போய் மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னம் 1938இல் கடற்கரைச் சாலையில் எழுந்தது. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்தபோது ஆளுநர் பொன்வேன் தெ கோலின் சுதந்திர பிரான்ஸ் பக்கம் நின்றார். புதுவைப் படையாட்கள் மறுபடியும் புறப்பட்டனர். ஊரில் இவர்களுக்குச் ‘சொல்தா’ என்று பெயர். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்தான், வாயில் புழங்கித் தமிழாகிவிட்டது.

1947இல் இந்தியா விடுதலை பெற்ற பிறகு கேள்வி வேறாயிற்று: பிரான்சோடு இருப்பதா, இந்தியாவோடு இணைவதா? 1949 வாக்கெடுப்பில் சந்திரநாகூர் இந்தியாவைத் தேர்ந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சார்புக் கட்சியின் பலமாக இருந்த எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் தாவியதும் நிலைமை முடிவாகிவிட்டது. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர், 8 பேர் எதிர்த்தனர். இரண்டு வாரத்தில் ஆட்சி கைமாறியது. ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. அல்ஜீரியப் போரில் மூழ்கியிருந்த பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர ஆறாண்டு எடுத்துக்கொண்டது. 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படியான மாற்றம் நடந்தது.

அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதம் தவணை. ஊரில் பிறந்து ஊரில் வாழ்பவர் எல்லோரும் தாமாகவே இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சைகோனிலோ பிரான்சிலோ இருந்தவர்களுக்கு விதி தலைகீழ்: பேசாமல் இருந்தால் பிரெஞ்சுக்காரர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஊரோடு இருந்தவன் இந்தியன், கப்பலேறியவன் பிரெஞ்சுக்காரன் என்று ஆனது இப்படித்தான். தவணைக்குள் எழுதிக் கொடுத்தவர் ஏறத்தாழ 5,000 பேர். மூன்று தலைமுறைக்கு முன்பே எல்லாவற்றையும் துறந்து கையெழுத்திட்ட குடும்பங்களில் பல இந்த இரண்டாவது கையெழுத்தைத் தவறவிட்டன. சேதி எட்டாதவர் உண்டு, ஏற்கெனவே பிரெஞ்சுக்காரனாக இருப்பவன் எதற்கு மறுபடி எழுத வேண்டும் என்று இருந்துவிட்டவரும் உண்டு. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பழைய பதிவேட்டு நகல்களோடு பிரெஞ்சு நீதிமன்றங்களில் பல பத்தாண்டு வழக்காடினர்.

எழுதிக் கொடுத்தவர்களுக்கு வாழ்க்கை ஒரு சுழற்சியாக அமைந்தது. 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி, இன்றைய லிசே, இணைப்புக்குப் பிறகும் தொடர்ந்தது. அங்கே படிப்பு, பிறகு பிரெஞ்சுப் படையில் சேர்க்கை, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பல். சொல்தா வீட்டு மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் தனி மவுசு வந்தது. பெண்ணுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் கிடைக்கும் என்பதே காரணம். பற்றும் பிழைப்பும் எங்கே பிரிகின்றன என்று இதில் பார்ப்பது கடினம், பிரித்துப் பார்க்க அவர்களும் முயலவில்லை. பாரிசின் வடக்குப் புறநகர்களில் குடியேறியவர்கள் பொங்கல் வைக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் பிரான்சின் அதிபர் தேர்தலில் புதுச்சேரியிலேயே வாக்களிக்கிறார்கள். ஜூலை 14ஆம் தேதி முதிய சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரை நினைவுச்சின்னத்துக்கு வருகிறார்கள். இரு நாட்டு தேசிய கீதங்களும் ஒலிக்கின்றன.

கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட நகராட்சி மன்றத்தை ஊரார் பிரெஞ்சுப் பெயரால் ‘மேரி’ என்றே சொல்வார்கள். 2014 நவம்பரில் பெய்த மழையில் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது. புதிய வடிவம் ஏதும் வேண்டாம், பழையபடியே வேண்டும் என்று முடிவாகி, அதே இடத்தில், அதே தூண்வரிசையோடு கட்டப்பட்ட மேரி 2021இல் திறக்கப்பட்டது.